ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குத்துவிளக்கு

புதுச்சேரியில் இப்போது எங்கும் வரிசை கிடையாது. வரிசை இயக்குநரகம் அதை ஒழித்துவிட்டது. முன்பெல்லாம் மருத்துவமனை வாசலில் விடிவதற்கு முன்பே ஒரு செருப்பையோ தண்ணீர் பாட்டிலையோ போட்டு இடம் பிடித்துவிட்டு ஜனங்கள் டீ குடிக்கப் போவார்கள். அந்த அநாகரிகம் தொலைந்தது. இப்போது செருப்பு அவரவர் காலில் இருக்கிறது, வரிசை அவரவர் கைபேசியில் இருக்கிறது. காத்திருப்பது மட்டும் பழையபடி.

இதற்கென்று வரிசைத் தோழன் என்று ஒரு செயலி. திறந்தால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் வரும். வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய், தன் பெயரைக் கண்டுபிடித்து, பக்கத்திலுள்ள 'இருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்குத் தேதி கிடைக்கும். அழுத்தாதவர் இல்லை என்று பொருள்கொண்டு அவர் பெயரை அடியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். புதிதாகப் பதிந்தவர்களின் பெயர்தான் மேலே இருக்கும். செய்தித்தாளில் புதுச் செய்திதானே மேலே வருகிறது என்று இயக்குநர் கலியமூர்த்தி இதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறார். ஆகவே எவ்வளவு நாள் காத்திருந்தாரோ அவ்வளவு ஆழத்தில் ஒருவர் இருப்பார். பெயரைத் தட்டித் தேடும் வசதி கிடையாது. தனக்கு முன்னால் நிற்பவர்களைப் பார்க்காமல் நேரே தன் பெயருக்குப் போவது வரிசையை மீறுவதாகும் என்று இயக்குநரகம் கருதியது.

இதையெல்லாம் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். நம் ஊர் ஜனங்கள் எதைத்தான் பொறுக்கவில்லை? பொறுக்க முடியாமல் போனது பட்டியல் நகர்ந்த விதம். விரலால் தள்ளினால் முதலில் அசையாது. யோசிக்கும். இன்னொரு தடவை தள்ளினால் அப்போதும் யோசிக்கும். சரி, செத்துவிட்டது என்று கைபேசியைக் கீழே வைக்கும்போது, தள்ளிய தள்ளு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே குலுக்காகக் குலுக்கி எங்கேயோ போய் நிற்கும். மேலே போனால் பெயர் கீழே இருக்கும், கீழே போனால் மேலே இருக்கும்.

இதைச் சரிசெய்ய ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள் இஃப்ஃபத். பதவியின் பெயர் 'திரை நகர்வு மற்றும் அசைவு மேம்பாட்டு உதவியாளர்'. மேசையில் வைத்த பெயர்ப்பலகையில் இடம் போதாமல் அது 'திரை நகர்வு மற்றும்' என்பதோடு நின்றுவிட்டது. லாஸ்பேட்டையில் விமான நிலையம் போகும் வழியில், ஒரு மாடியில்தான் இயக்குநரகம். எப்போதாவது ஒரு விமானம் வந்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவார்கள். விமானம் வராத நாட்களில் வேலையை நிறுத்த அவர்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன.

இஃப்ஃபத்துக்கு இந்த வேலையில் வேறொரு அக்கறையும் இருந்தது. அவளுடைய அத்தா ஷஹாபுதீனின் பெயர் அந்தப் பட்டியலில் கிடந்தது. பெரிய மார்க்கெட் பக்கம் நூல், பொத்தான், ஊக்கு விற்கும் சின்னக் கடை அவருடையது. கண்ணில் அழுத்தம் கூடி வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குச் சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் அவர் நீலத்துக்குப் பச்சை நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தையல்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் அவர்களே மாற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வியாழக்கிழமை, அத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பத்து மணிக்கே தள்ள ஆரம்பித்தாள் இஃப்ஃபத். ஒரு தடவை பெயர் கண்ணில் பட்டது. ஷஹாபுதீன் என்று அவள் வாய் திறப்பதற்குள் திரை ஒரு குலுக்கு குலுக்கி அவரைத் தாண்டிப் போய்விட்டது. பதினொரு மணி ஆனதும் பட்டியல் மறைந்து, திரை முழுக்க ரோஜா இதழ்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தன. 'தங்களைத் தவறவிட்டோம். மீண்டும் வருக' என்று எழுத்து மலர்ந்தது. அந்தச் செயலியிலேயே திணறாமல் ஓடிய ஒரே அசைவு அதுதான்.

"என்னாம்மா ஆச்சு?" என்றார் அத்தா.

"தாண்டிப் போய்டிச்சு அத்தா."

"பரவால்ல வுடு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

வேலையில் சேர்ந்த அன்றே, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு குத்துவிளக்கு இருந்தது. பெயர் திரைக்குள் வரும்போதெல்லாம் ஒரு கை வந்து அதன் ஐந்து திரிகளையும் ஒவ்வொன்றாக ஏற்றியது. விளக்குக்குப் பின்னால் துறையின் அமைச்சர், மாண்புமிகு அவர்கள், கைகூப்பிச் சிரித்தார். அந்தப் படம் ராஜீவ் காந்தி சிலைப் பக்கம் வைத்த நாற்பதடி கட்அவுட்டுக்காக டிஜிட்டல் பேனர் கடையில் அடித்தது. அதே படத்தை, அதே அளவில், அப்படியே செயலிக்குள் போட்டிருந்தார்கள். நகத்தளவு இடத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நாற்பதடி ஆளைத் தூக்கி நிறுத்தி, விளக்கேற்றி, இறக்கி, அடுத்த பெயருக்கு மறுபடி தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது கைபேசி. அதற்கு மூச்சு வாங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அவள் இயக்குநரின் அறைக்குப் போனாள். கலியமூர்த்தி நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேச மாட்டார், எதற்கும் கையெழுத்தும் போட மாட்டார். அறையில் கண்காணிப்பாளர் பாக்கியலட்சுமி டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, எந்த அரசு நிகழ்ச்சியாவது விளக்கேத்தாம ஆரம்பிச்சுப் பாத்திருக்கியா?" என்று கேட்டார் இயக்குநர்.

"இல்ல சார்."

"ஒவ்வொரு நோயாளிக்கும் நாம செய்யற சேவை ஒரு நிகழ்ச்சி. அப்ப ஒவ்வொரு பேருக்கும் விளக்கேத்தணுமா, வேணாமா?"

"ஏத்தலாம் சார். வெரலு நின்னப்புறம் ஏத்தலாம். ஓடும்போதே ஏத்தறதாலதான் போன் திணறுது. அப்புறம் அந்தப் படம் கட்அவுட்டுக்கு அடிச்சது சார். அத ஒரு தடவ சின்னதாக்கி வச்சிட்டா..."

பாக்கியலட்சுமி கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். இயக்குநர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யார சின்னதாக்கணும்னு சொல்ற?"

"படத்தோட அளவத்தான் சார். அரை நாள் வேலை."

"படம் யாரோடது?"

"அரை நாள்ல செய்யற காரியமாம்மா இது?" என்றார் இயக்குநர், வருத்தத்தோடு. "இதுக்கு ஒரு குழு போடணும்."

தடங்கலற்ற நகர்வுக்கான உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர். பாக்கியலட்சுமி உறுப்பினர். வெளிநாட்டு வல்லுநராக முசியே தெய்வசிகாமணி அழைக்கப்பட்டார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரான்சில், துலோனில் இருந்தபோது கைபேசி வைத்திருந்தார் என்பதுதான் அவருடைய தகுதி. குழு கூடியதும் அவர் ஒரே கேள்வி கேட்டார்.

"அங்க ரொட்டிக் கடையில வரிசையில நிப்போம். எவனும் வெளக்கேத்தி நான் பாத்ததில்ல. இதுல எதுக்கு முசியே வெளக்கு?"

அவருக்கு உடனடியாகப் பொன்னாடை போர்த்தினார்கள். நம் ஊரில் ஒருவரை உட்கார வைக்க இதைவிட நல்ல வழி இல்லை. அவரும் "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் கேள்வி கேட்கவில்லை.

குழு பல வாரம் ஆராய்ந்து, கோளாறு செயலியில் இல்லை, பொதுமக்களின் கட்டைவிரலில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. உடனே லாஸ்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துக் கட்டைவிரல் பயிற்சி முகாம் நடத்தினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வடையையும் அட்டையில் செய்த கைபேசி ஒன்றையும் கொடுத்து, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று தாளத்துக்குத் தள்ளச் சொன்னார்கள். அட்டை ஒரு இடத்திலும் திணறவில்லை. அது குறிப்பேட்டில் ஏறியது.

தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கும் அஞ்சலாட்சி, மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பதிந்தவர், காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பயிற்சி கொடுத்தவர் அவரிடம் வந்து, "வெரல இன்னும் மென்மையா வைக்கணும்மா" என்றார்.

"ஏன்டா தம்பி, வஞ்சிரத்த வாலப் புடிச்சித் தூக்கிப் போடற கை இது. இந்த அட்டையத் தள்ளாதா? நெசப் போனுதான் நவுர மாட்டேங்குது. அத ஏன்னு கேக்க வந்தா, எனக்கு வெரலு சரியில்லன்ற."

அவருக்கு இன்னொரு வடை கொடுத்தார்கள். ஷஹாபுதீனும் முகாமுக்கு வந்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், ஆனால் தாளம் தப்பவில்லை. சிறந்த கட்டைவிரல் என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்து, அதை வாங்கும்போது படமும் எடுத்தார்கள். வெளியே வந்ததும், "இதுல என்னாம்மா போட்டிருக்கு?" என்று மகளிடம் கேட்டார். அவள் படித்துக் காட்டினாள். "நல்லா போட்டிருக்காங்க" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரத்தில்தான் அவர் கடைப் பூட்டின் துவாரத்தை விரலால் தடவிக் கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தார்.

இஃப்ஃபத் இதற்கிடையில் அந்த அரை நாள் வேலையைச் செய்து முடித்திருந்தாள். அலுவலகத்தின் சோதனைக் கைபேசியில் மட்டும். படத்தைச் சின்னதாக்கினாள். விரல் நின்ற பிறகே விளக்கு எரியும்படி வைத்தாள். திரையில் தெரியாத பெயர்களைத் தெரியும்போது மட்டும் வரையச் சொன்னாள். பட்டியல் வாழைத்தண்டில் தண்ணீர் வழிவதுபோல் வழிந்தது. ஆனால் அந்தக் கைபேசியில் இருந்தவை சோதனைக்காகப் போட்ட கற்பனைப் பெயர்கள். நோயே இல்லாதவர்களின் வரிசை அவ்வளவு அழகாக ஓடியது. உண்மைப் பட்டியலுக்கு அதை அனுப்ப இயக்குநர் அனுமதி வேண்டும்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டினாள். இயக்குநர் வாங்கித் தள்ளிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இன்னொரு தடவை தள்ளினார். திடீரென்று முகம் மாறியது.

"ஏம்மா, ஐயா எங்க?"

"இருக்காரு சார். நின்னா தெரிவாரு."

"நான் நிறுத்தலியே. தள்ளினா ஐயா பாட்டுக்கு கடலூர் பஸ்ஸு ஜன்னல்ல போற மாதிரி போய்ட்டே இருக்காரு. ஒரு வணக்கம் வாங்க நேரமில்ல. அவர் கைகூப்பி நிக்கறாரு, நாம கண்டுக்காம போறோம். இது எவ்வளவு பெரிய அவமரியாதை!"

"சார், ஜனங்க தேடறது அவங்கவங்க பேர..."

"கோயில்ல சாமி முன்னாடி ஓடிக்கிட்டேவா கும்புடறோம்? நிக்கறோம் இல்ல?" என்றார் இயக்குநர். சொல்லிவிட்டு அவரே சற்று நேரம் நின்றார். ஒரு பெரிய எண்ணம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. "நிக்கணும். அதான். ஒவ்வொரு பேர்லயும் நிக்கணும். குலுக்கல் ஏன் வருது? ஓடறதால வருது. நின்னு நின்னு போனா குலுக்கல் எங்கேந்து வரும்?"

முசியே தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். பொன்னாடை நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். பாக்கியலட்சுமி கைதட்டினார். தீர்மானம் நிறைவேறியது. அதற்கு மரியாதை நிறுத்தம் என்று பெயர் வைத்தார்கள். எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் பட்டியல் ஒரே ஒரு பெயர்தான் நகரும். அங்கே நிற்கும். ஐந்து திரியும் ஏறும். மாண்புமிகு அவர்கள் கைகூப்பி, கையை இறக்கிய பிறகே அடுத்த பெயர் வரும். அதை எழுதும் பொறுப்பு இஃப்ஃபத்துடையது.

அவள் எழுதினாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. உண்மையில் அது நல்ல வேலையும்கூட. ஒரு இடத்தில் திணறவில்லை, ஒரு பெயரைத் தாண்டவில்லை. ஆனால் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் எத்தனை பெயர் வரை போக முடியும் என்று அவள் ஒரு முறை பார்த்தாள். பட்டியலின் மேல்பகுதி, போன மாதம் பதிந்தவர்கள் வரைதான். அதற்குக் கீழே இருந்தவர்களிடம் இனி எந்தக் கட்டைவிரலும் போய்ச் சேராது. அத்தாவின் பெயர் அதற்கும் எத்தனையோ கீழே இருந்தது.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கீழ இருக்கறவங்க யாராவது புகார் குடுத்திருக்காங்களா?"

"புகார் பொத்தானே பட்டியலோட கடைசியிலதான் சார் இருக்கு."

"பாத்தியா? இதுவரைக்கும் ஒண்ணும் வரல" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நம்ம விழாவுக்கு ஒரு பயனாளி வேணும்மா. மேடையேத்தணும். உங்க அத்தா நல்ல மனுஷன், முகாம்ல எல்லாம் கலந்துக்கிட்டாரு. அவரக் கூட்டிட்டு வா. அவர் பேர நான் பாத்துக்கறேன்" என்றார்.

பாத்துக்கறேன் என்ற சொல்லை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அத்தா அன்றே வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்தார்.

விழா கடற்கரைச் சாலையில், காந்தி திடலில், சாயங்காலம் நடந்தது. தடங்கலற்ற நகர்வின் வெற்றி விழா. மேடையில் பெரிய திரை கட்டி, பட்டியல் நகர்வதைக் காட்டினார்கள். நின்று, விளக்கேற்றி, வணங்கி, நகர்ந்தது. மிகவும் மரியாதையாக இருந்தது. மாண்புமிகு அவர்கள் தன்னையே திரும்பத் திரும்பப் பார்த்து, ஒவ்வொரு முறையும் பதில் வணக்கம் வைத்தார்.

இயக்குநர் பேசினார். "உலகத்துல எல்லாரும் வேகம் வேகம்னு ஓடறாங்க. வேகமா போறவனுக்குத்தான் தடங்கல் வரும். நிக்கறவனுக்குத் தடங்கல் ஏது? எங்க துறை ஆரம்பத்துலேந்தே நின்னுக்கிட்டுதான் இருக்குது. அதனாலதான் எங்களால இந்த உண்மையக் கண்டுபிடிக்க முடிஞ்சுது." பலத்த கரவொலி.

பிறகு நிஜக் குத்துவிளக்கு. கடற்காற்றில் முதல் திரியை மூன்று பேர் சேர்ந்து மறைத்துக்கொண்டு ஏற்றினார்கள். மாண்புமிகு அவர்கள் இரண்டாவதை ஏற்றியபோது முதலாவது அணைந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, அதாவது பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாலு திரிகளும் ஏற்றப்பட்டு நாலும் அணைந்த நிலையில், "கடைசித் திரியை நம் பயனாளி ஏற்றுவார்" என்று அறிவித்தார்கள்.

இஃப்ஃபத் அத்தாவின் முழங்கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனாள். யாரோ மெழுகுவர்த்தியை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் விளக்குக்கு ஒரு சாண் தள்ளி, காற்றில், பக்குவமாக நீட்டிப் பிடித்தார். மெழுகுவர்த்தியும் அணைந்திருந்தது. அவர் கை நடுங்காமல் அப்படியே நின்றார். முகாமில் சொல்லிக் கொடுத்தபடி மென்மையாக.

"ஏறிடிச்சாம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

கூட்டம் கைதட்டியது. கேமராக்கள் மின்னின. மாண்புமிகு அவர்கள் அத்தாவின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"ஏறிடிச்சு அத்தா" என்றாள் இஃப்ஃபத்.

மறுநாள் அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மாண்புமிகு அவர்கள் மிகவும் மகிழ்ந்து, இனி தன் தனிப் படம் வேண்டாம், மக்களோடு நிற்கும் இந்தப் படமே இருக்கட்டும் என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார். புதுக் கட்அவுட்டுக்கு நாற்பதடியில் அடித்தார்கள். அதே படம், அதே அளவில், இஃப்ஃபத்தின் மேசைக்கு வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அதைப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

"எங்க அத்தா பேரு சார்?" என்று கேட்டாள்.

"அதான் போட்டோவே போட்டாச்சேம்மா. எல்லா பேருக்கும் முன்னாடி அவர்தான நிக்கறாரு. இதுக்கு மேல ஒருத்தர எப்படிம்மா முன்னாடி கொண்டு வர்றது?" என்றார் கலியமூர்த்தி. அவர் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். பத்து மணிக்குப் பட்டியல் திறந்தது. முதல் பெயர் யாரோ. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் அத்தா வந்தார், மெழுகுவர்த்தியை நீட்டினார், ஐந்து திரியும் நன்றாக எரிந்தன, போனார். அடுத்த பெயர். மறுபடி அத்தா வந்தார். அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். திரை எங்கும் திணறவில்லை.

அத்தா பக்கத்தில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. இப்போதெல்லாம் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"யாரும்மா வராங்க இப்ப?"

"நீங்கதான் அத்தா."

அவர் சட்டென்று எழுந்து, கையை நீட்டிக் கைபேசியைத் தேடினார். "பேரு வந்துடிச்சா? அழுத்தும்மா, அழுத்து."

"பேரு இல்ல அத்தா," என்றாள் இஃப்ஃபத். "படந்தான் வருது."